டென்னிஸ் வாத்தியார்

டென்னிஸ் ஆட்டம் துரைமார்களோடு கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தது. ஆயினும் அதைக் கற்பிக்கும் வித்தையில் நம்மவர்கள் எவருக்கும் சளைத்தவர்கள் அல்லர். விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை 1954-இல் ராமநாதன் கிருஷ்ணனும், 1979-இல் அவருடைய குமாரர் ரமேஷ் கிருஷ்ணனும், 1990-இல் லியாண்டர் பயஸும் வென்றார்கள். மூவரும் சென்னையில் பயின்று தேர்ந்தவர்கள் என்பதை நினைக்குந்தோறும் நமக்குப் பெருமிதம் உண்டாகிறது.

கிருஷ்ணனுக்குக் குரு அவருடைய தகப்பனார் டி. கே. ராமநாதன். தாமும் பெயர் பெற்ற ஆட்டக்காரர். பிள்ளையின் ‘ஸர்வீஸ்’ இடிபோல் விழும் ரகமன்று. பந்தை வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில் விழச் செய்யும் நயமே அவருடைய ஆயுதம். அந்த ஆயுதத்தைக் கொண்டே 1960, 1961 ஆகிய இரு வருஷங்களிலும் விம்பிள்டன் அரையிறுதி வரையில் சென்றார். ரமேஷும் அதே வழியைப் பின்பற்றினார். முரட்டு அடியே யுகதர்மமாகிவிட்ட 1989-இல், உலகின் முதல் ஸ்தானத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரை ஆஸ்திரேலியப் போட்டியில் தோற்கடித்தார்.

பயஸ் கற்ற விதம் வேறு. அமிர்தராஜ் சகோதரர்கள் சென்னையில் தொடங்கிய பிரிட்டானியா அமிர்தராஜ் பயிற்சித் திட்டம் ஒரு குருகுலம் போன்றது. வெளியூர்ப் பிள்ளைகள் இங்கே தங்கிப் பள்ளிப் படிப்போடு ஆட்டமும் பயின்றார்கள். கல்கத்தாவிலிருந்து வந்த பயஸ் 1985-இல் அதில் சேர்ந்தார். சிறுவர் பட்டம் கைக்கு வர ஐந்து வருஷங்கள் ஆயின. ஒலிம்பிக் வெண்கலம் 1996-இல்தான் கிடைத்தது.

தகப்பனாரின் வீட்டுப் பாடமாயினும் குருகுலமாயினும் முதலில் வேண்டியிருந்தது பொறுமையே. நம் காலத்துப் பெற்றோரிடம் அருகிவருவதும் அதுதான். இன்று தாம்பரத்திலிருந்து நரசிம்மர் எழுந்தருளியுள்ள சிங்கப்பெருமாள் கோவில் வரையில் புதுக் குடியிருப்புகள் பெருகியிருக்கின்றன. பிள்ளையை டென்னிஸ் வகுப்பில் சேர்த்த மறுமாதமே, “போட்டியில் எப்போது ஆடுவான்?” என்று கேட்கும் தந்தையர் உண்டு. அவர்களைத் திருப்தி செய்யவேண்டி, ஏழு வயதுக் குழந்தையைப் பெரியவர்களின் 23.77 மீட்டர் நீள ஆடுகளத்தில் நிறுத்திவிடும் வாத்தியார்களும் உண்டு.

விளைவு என்ன? சாதாரண மஞ்சள் பந்து குழந்தையின் தலைக்கு மேல் எழும்புகிறது. குழந்தை எட்டிப் பிடித்து அடிக்கிறது. மட்டையைப் பிடிக்கும் முறையே கோணலாகிவிடுகிறது. அப்பழக்கத்தை மாற்றப் பின்னால் வருஷக்கணக்கில் பிரயாசைப்பட வேண்டும். பாதிக் குழந்தை சலித்துப்போய் மட்டையை மூலையில் வைத்துவிடுகிறது.

இதை உணர்ந்தே சர்வதேச டென்னிஸ் சம்மேளனம், பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் சாதாரண மஞ்சள் பந்தை 2012 முதல் விலக்கிவிட்டது. சிவப்புப் பந்தின் வேகம் சாதாரணப் பந்தினதைவிடச் சுமார் 75 சதவிகிதம் குறைவு. ஆரஞ்சு 50, பச்சை 25 சதவிகிதம் குறைவு. குழந்தை வளர வளர ஆடுகளமும் நீளும், பந்தும் மாறும். அரிச்சுவடி முடிந்த பிறகே வாசகப் புத்தகம் என்ற நம் பழைய திண்ணைப் பள்ளி முறையும் இதுதானே!

ஆகவே, வாத்தியாரைத் தேடும் பெற்றோர் அவர் வாங்கிய கோப்பைகளை எண்ணுவதற்கு முன் ஒரு மாலைப் பொழுது வேலியோரம் நின்று பார்க்கட்டும். குழந்தைகள் வரிசையில் காத்து நிற்கும் நேரம் அதிகமா, பந்தை அடிக்கும் நேரம் அதிகமா? எல்லாருக்கும் ஒரே பந்தா, வயதுக்கேற்ற பந்தா? எல்லாரையும்விட மந்தமாக ஆடும் குழந்தையின் பக்கத்தில் அவர் எத்தனை தடவை போய் நிற்கிறார்? இம்மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால், பிள்ளையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பலாம்.