கொல்லாமல் கட்டிப்போடும் ஆயுதம்

இறுக மூடிய டப்பாவுக்குள் அரிசி வண்டு எப்படி வந்தது? பெரும்பாலும் அது அரிசிக்குள்ளேயே இருந்திருக்கும். தாய் வண்டு தன் நீண்ட மூக்கால் தானிய மணியைத் துளைத்து, உள்ளே ஒரு முட்டை வைத்து, பசை போன்ற சுரப்பால் துளையை அடைத்துவிடும். புழு அந்த ஒரே மணியைத் தின்று வளர்ந்து, அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளியே வரும்.

அரிசியில் மாவுச்சத்துதான் மிகுதி. கறுத்த, கெட்டியான மேலோடு செய்ய டைரோசின் என்னும் அமினோ அமிலம் ஏராளமாக வேண்டும். அந்தக் குறையை நிரப்புவது வண்டின் உடலுக்குள் குடியிருக்கும் சோடாலிஸ் என்ற பாக்டீரியா. ஆய்வகத்தில் அதை நீக்கி வளர்த்த வண்டுகள் வெளிறிப்போயின, பறக்கவும் முடியவில்லை.

சிக்கல் இங்கேதான். பூச்சிகளுக்கு நம்மைப்போல எதிர்ப்பொருள்கள் கிடையாது. பாக்டீரியாவின் செல்சுவர்த் துணுக்கு ஒன்று எதிர்ப்பட்டால் போதும், நுண்ணுயிர்க்கொல்லிப் புரதங்களைச் சில மணி நேரத்துக்குள் செய்து குவித்துவிடும். நண்பனின் சுவரிலும் பகைவனின் சுவரிலும் இருப்பது அதே சரக்கு. அப்படியானால் சோடாலிஸ் எப்படிப் பிழைக்கிறது?

அதற்கென்றே தனிச் செல்கள் உண்டு. அவற்றுக்குள் வண்டு கோலியாப்டெரிசின்-ஏ என்ற சிறு புரதத்தைச் சுரக்கிறது. இதுவும் பாக்டீரியாவைத் தாக்கும் ஆயுதம்தான். ஆனால் இங்கே அது கொல்வதில்லை. பாக்டீரியாவுக்குள் நுழைந்து, மற்றப் புரதங்கள் சரியாக மடிய உதவும் ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. பாக்டீரியா வளரும், இரண்டாகப் பிரிய முடியாது. மரபணுத் தொகுதியின் பல நகல்களைச் சுமந்தபடி இடியாப்ப இழைபோல நீண்டு கிடக்கும். பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் இந்தப் புரதத்தின் மரபணுவை முடக்கிப் பார்த்தார்கள். பாக்டீரியாக்கள் அந்தச் செல்களாகிய அறையை விட்டு வெளியேறி மற்றத் திசுக்களில் பரவிவிட்டன. 2011இல் வெளியான முடிவு இது.

பூட்டு மட்டும் போதாது. பாக்டீரியா உதிர்க்கும் சுவர்த் துணுக்குகள் உடலுக்குள் கசிந்தால் வீண் போர் மூளும். ஆகவே அந்தச் செல்களிலேயே ஒரு நொதி அவற்றை வெட்டிச் செயலிழக்கச் செய்கிறது. கூச்சல் அறையோடு அடங்கிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இதுதான்: காவலர்கள் விழித்தே இருக்கிறார்கள், அவர்கள் காதுக்குச் செய்தி போவதில்லை.

நட்பு என்று இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. புதிதாக வெளிவந்த இளம் வண்டின் குடலில் பாக்டீரியாக்கள் மளமளவெனப் பெருகும். மேலோடு கெட்டியானதும், ஏறக்குறைய இரண்டு வாரத்தில், வண்டு அவற்றைச் செரித்துத் தனக்கே எடுத்துக்கொள்ளும். பெண் வண்டின் சினைப்பையில் இருப்பவை மட்டும் தப்பும். முட்டை வழியே அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டுமே.

இவ்வளவு கறாரான ஏற்பாடு பழையதும் அல்ல. அரிசி வண்டின் இனமான கூன்வண்டுகளோடு 10 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக ஒட்டியிருந்த நார்டோனெல்லா என்ற பாக்டீரியாவின் இடத்தைச் சோடாலிஸ் பிடித்து, கணிப்பின்படி சுமார் 28,000 ஆண்டுகள்தான் ஆகின்றன.