பிரதேச சபை: எந்தக் கதவை, எப்போது தட்டுவது?

2025 மே 6ஆம் திகதி நடைபெற்ற தேர்தலின் பின்னர், யூன் மாதம் முதல் பிரதேச சபைகள் மீண்டும் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர்களின் கைக்கு வந்துள்ளன. தவிசாளர் ஓர் ஊருக்கு வந்து மக்களைச் சந்திக்கும்போது, செய்து முடித்தவற்றையும் இனிச் செய்யவிருப்பவற்றையும் எடுத்துச் சொல்வது வழக்கம். வீதி விளக்கு, ஒழுங்கை, குடிநீர், குப்பை அகற்றல், சந்தை என்று பட்டியல் நீளும். இடம்பெயர்ந்த கமக்காரர் பலர் இக்கூட்டங்களுக்குப் போவதில்லை. போனாலும் பின்வரிசையில் இருந்து கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். "காணியே கையில் இல்லை, ஒழுங்கையைப் பற்றி நாங்கள் என்ன கேட்பது?" என்பது அவர்கள் சொல்லும் நியாயம். இந்த நியாயத்தை நாம் மீண்டும் ஒருமுறை சிந்தித்துப் பார்க்க வேண்டியுள்ளது.

கேட்கும் பழக்கம் விட்டுப்போனது ஏன்?

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி 1988 சனவரியில் பிரதேச சபைகள் நடைமுறைக்கு வந்தன. ஆனால் வடக்கில் போர் காரணமாக மக்கள் தெரிவுசெய்த சபைகள் நீண்ட காலம் ஒழுங்காக இயங்கவில்லை. போர் முடிந்தபின் 2011இல் பல சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. புதுக்குடியிருப்பு, கரைத்துறைப்பற்று மக்களோ 2018 வரை காத்திருக்க நேர்ந்தது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்ததும், மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு அதிகாரிகளே நிர்வாகத்தை நடத்தினர்.

இவ்வளவு காலமும் எமது மக்கள் பழகியது நிவாரண வரிசைக்கே. அங்கே கொடுப்பதை வாங்கலாம், கேள்வி கேட்க இயலாது. பிரதேச சபை அப்படிப்பட்டதல்ல. பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகிய மூன்றும் அதன் கடமை என்று சட்டமே சொல்கிறது. கடமையைச் செய்யும்படி கேட்பது பிச்சை கேட்பதாகாது.

சபை வேறு, செயலகம் வேறு

பிரதேச சபையையும் பிரதேச செயலகத்தையும் ஒன்றென எண்ணி அலைவோர் பலர். காணி அனுமதிப்பத்திரம், மீள்குடியேற்றப் பதிவு போன்றவற்றுக்குப் பிரதேச செயலாளரிடம் போகவேண்டும். 200 ஏக்கருக்குக் குறைந்த வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறு குளமும் அதன் வாய்க்காலும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தைச் சேர்ந்தவை. அதற்குக் கமக்காரர் அமைப்பு மூலம் கமநல சேவை நிலையத்தை நாட வேண்டும். பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கோ மாகாணத் திணைக்களத்துக்கோ உரியவை. உள் வீதிகள், ஒழுங்கைகள், வீதி விளக்குகள், பொதுக் கிணறுகள், சந்தை, மயானம், நூலகம், குப்பை அகற்றல் ஆகியவையே சபையின் கதவைத் தட்டவேண்டிய காரியங்கள். தவறான கதவைத் தட்டி ஒரு போகத்தை இழப்பதைவிட, சரியான கதவை முதலே அறிந்துகொள்வது நல்லது.

"நிதி இல்லை" என்ற பதில்

தவிசாளர்கள் அடிக்கடி சொல்லும் பதில் இது. இதில் உண்மையும் உண்டு. சோலைவரி, ஏக்கர் வரி, சந்தைக் குத்தகை, அனுமதிக் கட்டணங்கள் என்பவை சபையின் சொந்த வருமானம். மக்கள் வெளியேறிய ஊரில் இவை எதுவும் சேராது. வலிகாமம் வடக்கை எடுத்துக்கொள்வோம். 1990இல் அங்கே ஊர் ஊராக மக்கள் வெளியேறினர். காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது 2017இல்தான். இன்னும் காணிக்காகக் காத்திருப்போர் உள்ளனர். வரி தராத ஊர் சபைக்குச் செலவாகவே தெரியும்.

இங்கேதான் எமக்கு ஆபத்து உள்ளது. ஆட்கள் கூடுதலாக இருக்கும் இடத்துக்கே முதலிடம் என்று சபை கணக்குப் பார்த்தால், பற்றை மூடிய எமது ஊர் எப்போதும் பட்டியலின் கடைசியில்தான் நிற்கும். ஆளில்லை என்பதால் ஒழுங்கை திருத்தப்படாது. ஒழுங்கை இல்லாததால் உழவு இயந்திரம் போகாது, பசளை போகாது, பிள்ளைகளோடு போய்க் குடியிருக்கவும் முடியாது. ஆகவே ஆளும் திரும்பாது. விடுவிக்கப்பட்ட காணி இப்படி இரண்டாம் முறை பறிபோவதை எந்த வேலியும் காட்டாது. "இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்பதோடு, "வழி இருந்தால் எத்தனை பேர் திரும்புவார்கள்?" என்றும் சபை கேட்க வேண்டும். அதைக் கேட்க வைப்பது எமது பொறுப்பு.

நாம் செய்யக்கூடியவை

சபையின் வரவுசெலவுத் திட்டம் சனவரி முதல் டிசெம்பர் வரைக்கானது. அது ஆண்டு பிறக்குமுன் நிறைவேற்றப்படுகிறது. ஆகவே மாரி தொடங்குமுன் ஊரவர் கூடிப் பேசுங்கள். இருபது கோரிக்கை வேண்டாம், மூன்று போதும். ஒழுங்கையின் பெயர், ஏறத்தாழ எத்தனை மீற்றர், திரும்ப விரும்பும் குடும்பங்கள் எத்தனை என்பவற்றை எழுதுங்கள். சனசமூக நிலையத்தின் பெயரில் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள்.

சபையின் ஆலோசனைக் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவரும் இடம்பெறச் சட்டம் வழிவிடுகிறது. அதில் உங்கள் ஊருக்கும் ஓர் இடம் கேளுங்கள். 2018 முதல் உறுப்பினர் இடங்களில் 25 வீதம் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. தண்ணீர், மலசலகூடம், இருட்டு வழி என்பவற்றைத் தாய்மார் அவர்களிடம் மனம்விட்டுப் பேசலாம். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தரப்பட வேண்டும்.

இன்னும் வேறிடத்தில் தங்கியிருப்போருக்கு இரண்டு சபைகளோடு அலுவல் உண்டு. குடிக்கும் தண்ணீருக்கும் குப்பைக்கும் இருக்கும் ஊர்ச் சபை, திரும்பும் வழிக்குச் சொந்த ஊர்ச் சபை. இரண்டு இடத்திலும் உங்கள் பெயர் ஒரு கடிதத்திலாவது இருக்கட்டும். அடுத்த முறை தவிசாளர் தம் பட்டியலை வாசிக்கும்போது, உங்கள் ஒழுங்கையின் பெயர் அதில் உண்டா என்று எழுந்து நின்று கேளுங்கள்.