ஜிர்காடாங்குக்கு முன்பே இறுக்குங்கள்

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து அந்தமான் நெடுஞ்சாலையில் வடக்கே போகும் வண்டிகள் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் நின்றாக வேண்டும். அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வரை ஏறத்தாழ 50 கி.மீ. தூரம் ஜாரவா பழங்குடியினரின் காப்பு நிலம். குறித்த நேரங்களில், காவலோடு, வரிசையாகத்தான் வண்டிகளை விடுவார்கள். வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது, முந்தக் கூடாது, இடையில் நிறுத்தவும் கூடாது. பின்னால் ஏதோ உருளும் சத்தம் கேட்டாலும் இறங்கிப் பார்க்க முடியாது. வேனுக்குள்ளேயே சமைத்து, படுத்துத் தீவைச் சுற்றுகிறவர்கள் இதை நினைவில் வைத்துத்தான் சாமான் கட்ட வேண்டும்.

கனமான பெட்டி நகராது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. எடை கூடினால் தரையோடு உராய்வு கூடும். ஆனால் வளைவில் பெட்டியை வெளியே தள்ளும் விசையும் அதே அளவு கூடும். இரண்டும் ஈடாகிவிடுவதால், வழுக்குமா வழுக்காதா என்பதைத் தீர்மானிப்பது எடையல்ல, தரையும் பெட்டியின் அடிப்பாகமும்தான். 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கி.மீ. வேகத்தில் திரும்பினால், பொருளின் எடையில் சுமார் 0.4 பங்கு விசை பக்கவாட்டில் தாக்கும். வழவழப்பான தகரத் தரையில் பிளாஸ்டிக் பெட்டிக்குக் கிடைக்கும் உராய்வோ 0.2 பங்குதான். அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போட்டால் அது 0.6 வரை போகும். இவ்வளவு மலிவான பாதுகாப்பு வேறில்லை.

ஆனால் பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது பெட்டி ஒரு கணம் தரையை விட்டு எழும்புகிறது. அந்தக் கணத்தில் உராய்வே இல்லை. மேலிருந்து அழுத்தும் பட்டை அதற்குத்தான். பட்டை செங்குத்தாக இறங்கினால் அதன் இழுவிசை முழுதும் அழுத்தமாகும். 30 பாகைச் சரிவில் படுத்திருந்தால் பாதிதான் கிடைக்கும். தாழ்வான பெட்டியின் மேல் ஒரு பலகையை வைத்து உயர்த்திக் கட்டுவது நல்லது. நைலான் கயிறு நீளும், நனைந்தால் இன்னும் நெகிழும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் ஊரில் இறுக்கும் பூட்டுள்ள பாலியஸ்டர் பட்டையே மேல். எதைக் கட்டினாலும் முதல் சில கிலோமீட்டர் குலுக்கலில் சாமான் அமர்ந்து, கட்டு தளர்ந்துவிடும். ஜிர்காடாங் வரிசையில் காத்திருக்கும் நேரம் மறுபடி இறுக்குவதற்கென்றே வாய்த்தது.

கூரைமேல் வைக்கும் மூட்டைகளில் இரட்டிப்புக் கவனம் தேவை. ஜாரவாக்களுக்கு உணவுப்பொருள் கொடுப்பதே சட்டப்படி குற்றம். அவர்களின் நிலத்தைப் பாதுகாக்கும் ஒழுங்குமுறை 1956-இலேயே வந்தது. காப்பு நிலத்தின் ஊடே போகும் இந்தச் சாலையை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றமே 2002-இல் உத்தரவிட்டது; ஆனாலும் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அங்கே நம் பிஸ்கட் பொட்டலமும் பிளாஸ்டிக் பையும் விழுந்தால் திரும்பிப் போய் எடுக்க வழி கிடையாது. தின்பண்டம், குப்பை எல்லாம் வண்டிக்குள்ளேயே, மூடிய பெட்டியில் இருக்கட்டும்.

சமையல் எரிவாயு சிலிண்டரை நிமிர்த்தியே கட்ட வேண்டும். படுத்துவிட்டால் வாயுவுக்குப் பதில் திரவம் குழாய்க்குள் வரும். அது வெளியே கசிந்தால் சுமார் 250 மடங்கு விரியும். வண்டி ஓடும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிடுங்கள், இல்லையேல் காலியாக்குங்கள். பாதித் தொட்டியில் அலையும் நீர் வளைவுதோறும் வண்டியைக் கூடுதலாகச் சாய்க்கும்.

மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வண்டி படகில் ஏறியதும் வண்டியே ஒரு சாமானாகிவிடுகிறது. அலையாத்திக் காடுகளுக்கு நடுவே அந்த நீரிணை பெரும்பாலும் அமைதியானது. கைப்பிரேக்கும் கியரும் போதும். சென்னையிலிருந்து கப்பலில் வண்டியை அனுப்புவது வேறு கதை. சுமார் 1,200 கி.மீ. கடல், மூன்று நாள் பயணம். சரக்குப் பெட்டகங்களில் பொருள் ஏற்றுவதற்கு 2014-இல் வந்த சர்வதேச நெறிமுறை, மிகக் கொந்தளிப்பான கடலில் எடையில் 0.8 பங்கு பக்கவாட்டு விசையைத் தாங்கும்படி கட்டச் சொல்கிறது. பத்து விநாடிக்கு ஒருமுறை கப்பல் உருண்டாலும் மூன்று நாளில் 26,000 உருளல்கள். மேலிருந்து அழுத்தும் கட்டு மட்டும் அதற்குப் போதாது. ஒவ்வொரு பொருளையும் நான்கு மூலைகளிலிருந்து நேரடியாக வண்டியின் சட்டத்தோடு பிணைத்து, இடைவெளிகளைத் துணியாலோ நுரைப்பஞ்சாலோ அடைத்துவிட வேண்டும்.