காத்திருப்புப் போராட்டம்: விசுவாசி பந்தலில் உட்காரலாமா?



"சாமி, மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்துவிட்டது. ஒரு பந்தல் போட்டு உட்கார்ந்துவிடலாமா? உட்கார்ந்தால் கோவில் எங்களோடு இருக்குமா?"

நம் பங்குகளில் இந்தக் கேள்வி பல வடிவங்களில் எழுகிறது. நெல் கொள்முதல் நிலையத்தின் முன்னே கொட்டி வைத்த குவியல் மழையில் நனைவதைப் பார்த்து நிற்கும் விவசாயி கேட்கிறார். செய்த வேலைக்கு மாதக்கணக்கில் கூலி வராத பெண்கள் கேட்கிறார்கள். குழுக்கடன் தவணை வாங்க வந்தவர் பொழுது சாயும்வரை வாசலில் உட்கார்ந்திருக்க, தெருவில் தலைகாட்ட முடியாத தாய்மார்கள் கேட்கிறார்கள். மறுபக்கம், "கோவிலுக்கு இதெல்லாம் எதற்கு? இது அரசியல் அல்லவா?" என்று கவலைப்படும் விசுவாசிகளும் இருக்கிறார்கள். இரண்டு கேள்விகளுமே நேர்மையானவை. விவிலியத்தின் ஒளியிலும், நம் நாட்டில் அண்மையில் நடந்த மிகப் பெரிய காத்திருப்புப் போராட்டத்தின் அனுபவத்திலும் இவற்றைச் சிந்திப்போம்.

அழுகுரலும் பெரிய சபையும்

நெகேமியா நூலின் 5ஆம் அதிகாரத்தை நாம் அதிகம் வாசிப்பதில்லை. எருசலேமின் மதில் கட்டப்பட்டுக் கொண்டிருந்த காலம். பஞ்சம். தானியம் வாங்குவதற்காக மக்கள் வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்தார்கள். அரசனுக்கு வரி கட்டக் கடன் வாங்கினார்கள். கடைசியில் பிள்ளைகளையே அடிமைகளாகக் கொடுக்கும் நிலைக்கு வந்தார்கள். அப்போது ஆண்களும் அவர்களுடைய மனைவியரும் உரக்க முறையிட்டார்கள். யாருக்கு எதிராக? அந்நியருக்கு எதிராக அல்ல, வட்டி வாங்கிய தங்கள் சொந்தச் சகோதரர்களுக்கு எதிராக!

நெகேமியா என்ன செய்தார்? அந்த முறையீட்டைக் கேட்டுக் கோபம் கொண்டார். ஆனால் கோபத்தோடு நின்றுவிடவில்லை. தமக்குள் ஆழ்ந்து சிந்தித்தார். தலைவர்களையும் அலுவலர்களையும் நேருக்கு நேர் கடிந்துகொண்டார். பெரிய சபையைக் கூட்டினார். வயல்களையும் வீடுகளையும் வட்டியையும் அன்றே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அவர்கள் சம்மதித்தபோது, வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல், குருக்களை வரவழைத்து ஆணையிடச் செய்தார் (நெகே 5:1-13). முறையீடு, சிந்தனை, மக்கள் கூட்டம், தெளிவான கோரிக்கை, சாட்சிகள் முன் வாக்குறுதி: பொருளாதார நீதிக்கான போராட்டம் ஒன்றின் எல்லா அம்சங்களும் இந்தப் பதின்மூன்று வசனங்களில் இருக்கின்றன.

நம் ஆண்டவர் சொன்ன கைம்பெண் உவமையும் இதையே வேறு கோணத்தில் காட்டுகிறது (லூக் 18:1-8). அந்தப் பெண்ணிடம் பணமில்லை, சிபாரிசு இல்லை. விடாமல் வந்துகொண்டே இருந்தது ஒன்றுதான் அவருடைய பலம். மனந்தளராமல் எப்போதும் செபிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்ட உவமை இது. ஆனால் ஆண்டவர் அதற்குத் தேர்ந்துகொண்டது நீதி கேட்டு அலையும் ஓர் ஏழைப் பெண்ணை என்பதை மறந்துவிடக் கூடாது. தமிழில் இத்தகைய போராட்டத்தைக் 'காத்திருப்புப் போராட்டம்' என்று அழைக்கிறோம். அழகான பெயர். அடிப்பதும் உடைப்பதும் இதில் இல்லை. நீதி வரும்வரை கலையாமல் காத்திருப்பதே போராட்டம்.

தில்லி எல்லையில் ஒரு வருடம்

2020 செப்டம்பரில் மூன்று வேளாண் சட்டங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டன. விளைபொருள் சந்தை பெரிய வணிக நிறுவனங்களின் கைக்குப் போய்விடும், குறைந்தபட்ச ஆதரவு விலை நாளடைவில் மறைந்துவிடும் என்று விவசாயிகள் அஞ்சினார்கள். விவசாயிக்கு விற்பனைச் சுதந்திரம் கிடைக்கும் என்றது அரசு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டின் விவசாயிகளில் 86 விழுக்காட்டினர் 2 எக்டேருக்கும் குறைவாக நிலம் உள்ளவர்கள். இவர்கள் பெரிய வியாபாரியோடு பேரம் பேசி வெல்ல முடியுமா என்பதே கேள்வி.

பஞ்சாபில் முதலில் ரயில் பாதைகளிலும் சுங்கச் சாவடிகளிலும் உட்கார்ந்தார்கள். 2020 நவம்பர் 26 அன்று தில்லியை நோக்கிப் புறப்பட்டார்கள். தடுப்புகளும், சாலையில் தோண்டிய பள்ளங்களும், தண்ணீர்ப் பீரங்கியும், கண்ணீர்ப்புகையும் எதிர்கொண்டன. அரசு ஒதுக்கிய புராரி மைதானத்துக்குப் பெரும்பாலோர் போகவில்லை. சிங்கு, டிக்ரி, பிறகு காசிப்பூர் எல்லைகளிலேயே தங்கிவிட்டார்கள். டிராக்டர் இழுத்துவந்த டிரெய்லர்களே வீடுகளாயின. கடுங்குளிர், கோடை, மழை, கொரோனாவின் இரண்டாம் அலை எல்லாம் அங்கேயே கடந்தன. 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்று போராட்டக் குழு கூறியது. 2021 நவம்பர் 19 அன்று சட்டங்கள் திரும்பப் பெறப்படும் என்று பிரதமர் அறிவித்தார். நவம்பர் 29 அன்று நாடாளுமன்றம் அவற்றை நீக்கியது.

அவர்கள் கற்றுத்தரும் பாடங்கள்

முதலாவது, முகாம் ஊரில்தான் தொடங்குகிறது. அவசரச் சட்டங்கள் 2020 ஜூனில் வந்தன. தில்லிப் பயணம் நவம்பரில். இடைப்பட்ட மாதங்களில் ஊர் ஊராகக் கூட்டங்கள் நடந்தன. சட்டம் என்ன சொல்கிறது என்பது எளிய மொழியில் விளக்கப்பட்டது. முகாம் அமைந்த பிறகும் ஊர்கள் முறை வைத்து ஆட்களை அனுப்பின. போராடச் சென்றவரின் வயலை ஊரில் இருந்தவர்கள் கவனித்துக் கொண்டார்கள். ஊர் தாங்காத பந்தல் ஒரு வாரம்கூட நிற்காது.

இரண்டாவது, அடுப்பு அணையக் கூடாது. சீக்கிய மரபின் 'லங்கர்' என்னும் பொதுச் சமையல்தான் அந்த முகாம்களின் உயிர்நாடி. வந்தவர் யார், எந்த மதம் என்று கேட்காமல் உணவு பரிமாறப்பட்டது. 2020 டிசம்பர் 3 அன்று அமைச்சர்களோடு பேச்சுவார்த்தைக்குச் சென்ற விவசாயத் தலைவர்கள், அரசு கொடுத்த மதிய உணவை ஏற்காமல், தாங்கள் கொண்டுவந்த உணவையே பகிர்ந்து உண்டார்கள். நம் ஆண்டவரும் பசித்த கூட்டத்தைக் கலைத்து அனுப்பவில்லை. நூறு பேராகவும் ஐம்பது பேராகவும் வரிசையாக உட்கார வைத்தார் (மாற் 6:39-40). ஒழுங்காக அமர்ந்த மக்களிடையேதான் பகிர்வு நடந்தது. பந்தி விசாரிப்பில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தபோது, ஆதித் திருச்சபையும் அதற்கென எழுவரைத் தேர்ந்தெடுத்தது (திப 6:1-6). உணவு, குடிநீர், கழிப்பறை, மருந்து, குப்பை: இவை ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் இல்லாமல் பந்தல் போடக் கூடாது.

மூன்றாவது, கோரிக்கை ஒன்று, முடிவு கூட்டாக. மொழியிலும் கொள்கையிலும் வேறுபட்ட சுமார் 40 சங்கங்கள் ஒரே முன்னணியாகப் பேசின. தொடக்க மாதங்களில் கட்சித் தலைவர்களை மேடையில் ஏற்றவில்லை. வதந்திகள் பரவியபோது 'டிராலி டைம்ஸ்' என்ற செய்தித்தாளை முகாமிலிருந்தே வெளியிட்டார்கள். தங்கள் கதையைத் தாங்களே சொன்னார்கள்.

நான்காவது, பெண்கள் பார்வையாளர்கள் அல்லர். 2021 மார்ச் 8 அன்று பல்லாயிரம் பெண்கள் திரண்டார்கள். மேடையை நடத்தியவர்களும் அவர்களே. நம் இடிந்தகரையை நினைத்துப் பாருங்கள். 2011இல் அணு உலைக்கு எதிராக லூர்து அன்னை ஆலயத்தின் முன் போட்ட பந்தலில் நாள்தோறும் உட்கார்ந்து அதைக் காத்தவர்கள் பெண்கள்தான். பீடி சுற்றிக்கொண்டே உட்கார்ந்தார்கள். அன்றாடக் கூலியை இழக்காமல் போராட வழி கண்டவர்கள் அவர்கள்.

ஐந்தாவது, அமைதி காப்பது தினந்தோறும் செய்ய வேண்டிய வேலை. 2021 சனவரி 26 டிராக்டர் பேரணியில் ஒரு பகுதியினர் வழிமாறிச் செங்கோட்டைக்குள் நுழைந்தார்கள். வன்முறை நடந்தது, ஓர் உயிர் போனது. பல மாத நற்பெயர் ஒரே நாளில் ஆட்டம் கண்டது. போராட்டக் குழு அந்தச் செயலிலிருந்து விலகி நின்றது. நாடாளுமன்றத்தை நோக்கிய பேரணியைத் தள்ளிவைத்தது. காந்தியடிகள் மறைந்த சனவரி 30 அன்று நோன்பிருந்தது. அந்தக் கட்டுப்பாடுதான் போராட்டத்தைக் காப்பாற்றியது.

ஆறாவது, எப்போது எழுவது என்று தெரிந்திருக்க வேண்டும். பிரதமர் அறிவித்த அன்றே அவர்கள் கலையவில்லை. வழக்குகள், இழப்பீடு, ஆதரவு விலை பற்றி அரசு எழுத்தில் கொடுத்த பிறகே டிசம்பர் 9 அன்று போராட்டத்தை நிறுத்திவைத்தார்கள். டிசம்பர் 11 முதல் வீடு திரும்பினார்கள். நெகேமியா குருக்கள் முன் ஆணையிடச் செய்தது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? எழுத்தில் கிடைத்தவையும் எல்லாம் நிறைவேறவில்லை. ஆதரவு விலைக்குச் சட்ட உறுதி கேட்டு 2024 பிப்ரவரியில் மீண்டும் ஷம்பு, கனௌரி எல்லைகளில் உட்கார்ந்தார்கள்; 2025 மார்ச்சில் காவல்துறை அந்த முகாம்களை அகற்றியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிலம் உள்ளவரின் போராட்டத்தில் நிலமற்ற கூலித் தொழிலாளியின் குரல் எளிதில் அமுங்கிப்போகும். அதே 2020 ஜூனில் பஞ்சாபின் சில ஊர்களில், நாற்று நடும் தலித் தொழிலாளர்களின் கூலிக்கு ஊர்ப் பஞ்சாயத்துகள் உச்சவரம்பு விதித்தன. அறுவடை செய்தவரின் பிடித்து வைக்கப்பட்ட கூலி ஆண்டவரின் செவிகளை எட்டுகிறது என்று யாக்கோபு எச்சரிப்பது (யாக் 5:4) நமக்கும் சேர்த்துத்தான். பந்தலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதோடு, யார் உட்கார இடமில்லாமல் ஓரத்தில் நிற்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

திருச்சபை என்ன சொல்கிறது?

தொழிலாளர் ஒன்றுகூடிச் சங்கம் அமைக்கும் உரிமையைத் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இலேயே 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் உறுதிப்படுத்தினார். வேறு வழியே இல்லாதபோது வேலைநிறுத்தம் முறையானதே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஏற்றுக்கொண்டது. நீதிக்கான செயல்பாடு நற்செய்தி அறிவிப்பின் பிரிக்க முடியாத கூறு என்று 1971இல் ஆயர்கள் மாமன்றம் கூறியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2014 முதல் மக்கள் இயக்கங்களின் பிரதிநிதிகளைச் சந்தித்து, நிலம், வீடு, வேலை ஆகிய மூன்றும் புனித உரிமைகள் என்று கற்பித்தார். 2025இல் பொறுப்பேற்ற திருத்தந்தை 14ஆம் லியோ, அதே 13ஆம் சிங்கராயரின் சமூகப் போதனையை மனத்தில் கொண்டே இந்தப் பெயரைத் தேர்ந்துகொண்டதாகக் கூறினார்.

அப்படியானால் பங்குத்தந்தை போராட்டத்தின் தலைவராகலாமா? திருச்சபைச் சட்டம் 287 இரண்டு செய்திகளைச் சேர்த்தே சொல்கிறது. நீதியை அடித்தளமாகக் கொண்ட அமைதியையும் ஒற்றுமையையும் வளர்ப்பது குருவின் கடமை. ஆனால் கட்சிகளிலும் தொழிற்சங்க நிர்வாகத்திலும் அவர் தீவிரமாக ஈடுபடக் கூடாது. திருச்சபையின் உரிமைகளையோ பொதுநலனையோ காக்க அது தேவை என்று திருச்சபை அதிகாரி தீர்மானித்தால் மட்டுமே விலக்கு. எனவே தலைமை பொதுநிலையினருடையது. குருவின் இடம் நெகேமியா காட்டிய இடம். அழுகுரல் கேட்கும் இடத்தில் உடனிருப்பதும், கொடுத்த வாக்குக்குச் சாட்சியாக நிற்பதும் அவர் பணி.

நம் பங்கில் என்ன செய்யலாம்?

முதலில் அன்பியக் கூட்டங்களில் கேளுங்கள். எத்தனை குடும்பங்களுக்கு எவ்வளவு கூலி பாக்கி, எத்தனை மூட்டை நெல் நனைந்தது, எத்தனை பேர் எந்த வட்டியில் கடன்பட்டிருக்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். மனு கொடுங்கள்; தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். பிற சபையினரையும், இந்து, இஸ்லாமியச் சகோதரர்களையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். பசிக்கும் கடனுக்கும் மதம் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கதவு திறக்காவிட்டால், அப்போது பந்தலைப் பற்றிப் பேசலாம். ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை நம் அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவு தருகிறது. அதே வேளையில், பொதுப் பாதையைக் காலவரையின்றி மறிக்க முடியாது என்று 2020 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே காவல்துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஒரு வழக்கறிஞரின் துணையைத் தேடுங்கள். ஆம்புலன்சுக்கு வழி விடுங்கள்.

அன்பானவர்களே, இஸ்ரயேல் மக்கள் ஆண்டுக்கு ஏழு நாள் கூடாரங்களில் தங்க வேண்டும் என்பது ஆண்டவரின் கட்டளை (லேவி 23:42-43). விடுதலைப் பயணத்தில் தாங்கள் கூடாரவாசிகளாக இருந்ததை வசதி வந்த பிறகும் மறக்கக் கூடாது என்பதற்காக. வாக்கு மனிதரானார் என்று சொல்லும் யோவான், அவர் நம்மிடையே கூடாரம் அடித்தார் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லையே பயன்படுத்துகிறார் (யோவா 1:14). நம் கடவுள் கூடாரத்துக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவர் அல்லர்.

ஆகவே அடுத்த முறை சாலையோரத்தில் ஒரு பந்தலைக் கண்டால், வேகமாகக் கடந்து போகாதீர்கள். வண்டியை நிறுத்துங்கள். என்ன கோரிக்கை என்று கேளுங்கள். ஒரு குடம் தண்ணீராவது கொண்டுபோய்க் கொடுங்கள். நீதிக்காகப் பசிதாகம் கொண்டோரை நிறைவுறச் செய்யும் இறைவன், காத்திருக்கும் நம் மக்கள் அனைவருக்கும் மனவுறுதியையும் அமைதியையும் அருள்வாராக!