வராமற்போன டியூலிப்புகள்

ஏப்ரல் கடைசி வாரம். டொராண்டோவில் பனி உருகி முடிந்து, பழுப்பாய்க் கிடந்த புல்தரையில் பச்சை எட்டிப் பார்க்கும் நாட்கள். எதிர்வீட்டு முன்வாசலில் சிவப்பும் மஞ்சளுமாக டியூலிப்புகள் அணிவகுத்து நிற்கின்றன. சென்ற அக்டோபரில் முழங்கால் வலிக்கக் குந்தியிருந்து நீங்களும் ஐம்பது நட்டீர்கள். எண்ணிப் பார்த்தால் பதினைந்துகூடத் தேறவில்லை. மீதி முப்பத்தைந்தும் எங்கே போயின?

நம்மவர்களுக்கு முதலில் தோன்றுவது தண்ணீர் ஊற்றுவது. வாடியதற்கும் முளைக்காததற்கும் தண்ணீர் விட்டே பழகிய கை. அடுத்ததாக உரம். இங்கே இரண்டும் உதவாது. தண்ணீர் சில சமயம் கெடுதலும் செய்யும். ஏப்ரலில் வராமற்போன பூவுக்கு அந்தக் கதி நேர்ந்தது ஏப்ரலில் அல்ல. முந்தைய கோடையிலோ, இலையுதிர் காலத்திலோ, பனிக்காலத்திலோ அதன் கணக்கு முடிந்திருக்கும். எப்போது முடிந்தது என்று தெரிந்துகொண்டால்தான் அடுத்த ஆண்டுக்கு ஏதாவது செய்ய முடியும்.

கடைகளில் பல்பு என்று விற்பதைத்தான் பள்ளிக்கூடத்துத் தாவரவியலில் குமிழம் என்று படித்தோம். அதற்கு நாம் அறிந்த உதாரணம் வெங்காயம். நெடுக்காக வெட்டினால் அடியில் வேர் கிளம்பும் தட்டையான பகுதி, அதன்மேல் உணவு சேர்த்த தடித்த செதில்கள், நடுவில் குருத்து. டியூலிப்பின் அமைப்பும் இதுதான். அக்டோபரில் நடப்போகும் நல்ல டியூலிப் குமிழம் ஒன்றை வெட்டி உருப்பெருக்கியால் பார்த்தால், அந்தக் குருத்துக்குள் இதழ்கள், மகரந்தக் கேசரங்கள், சூலகம் எல்லாவற்றோடும் ஒரு குட்டிப் பூவே அடங்கியிருப்பது தெரியும். வரும் வசந்தத்தின் பூ, போன கோடையிலேயே உருவாகிவிட்டது. டாஃபடில் இன்னும் முந்திக்கொள்கிறது. இந்த ஆண்டின் இலை காய்வதற்குள்ளாகவே அடுத்த ஆண்டின் பூவைத் தொடங்கிவிடுகிறது.

இந்த விசித்திரமான நாட்காட்டிக்குக் காரணம் பிறந்த ஊர். டியூலிப் என்றால் ஹாலந்து என்று நினைக்கிறோம். ஆனால் கரோலஸ் குளூசியஸ் என்ற தாவரவியலாளர் லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்துக்கு அதைக் கொண்டு சேர்த்தது 1590களில்தான். காட்டு டியூலிப்புகளின் தாயகம் தியான் ஷான், பாமீர் முதலிய மத்திய ஆசிய மலைச்சரிவுகள். அங்கே பனிக்காலம் கொடியது, கோடை வறண்டது. இரண்டுக்கும் இடையில் ஈரமான சில வாரங்கள்தான் கிடைக்கும். அதற்குள் இலைவிட்டு, பூத்து, அடுத்த ஆண்டுக்கு உணவு சேர்த்துவிட்டு மண்ணுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களில் முதலாவதாக வரும் காந்தளும் இப்படி ஒளிந்துகொள்ளும் செடிதான். வறட்சியில் மேலே ஒன்றும் இல்லாமல் கிழங்காய்க் கிடந்து, மழை வந்ததும் எழும். காந்தள் மழைக்குக் காத்திருக்கிறது. டியூலிப்போ குளிர் வந்துபோவதற்குக் காத்திருக்கிறது.

அந்தக் குளிருக்கு ஒரு கணக்கு உண்டு. பெரும்பாலான டியூலிப் வகைகளுக்குச் சுமார் 9 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்த குளிர் 12 முதல் 16 வாரங்கள் வேண்டும். வெப்பநிலைக்கும் குமிழத்தின் வளர்ச்சிக்கும் உள்ள இந்த உறவை 1920களில் தொடங்கி நெதர்லாந்தின் வாகனிங்கனில் பிளாவ் என்ற விஞ்ஞானி விரிவாக ஆராய்ந்தார். குளிர் பூவை உண்டாக்குவதில்லை. பூ ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. தண்டு நீண்டு அந்தப் பூவை வெளியே தூக்கி வருவதற்குத்தான் குளிர் வேண்டும். அது போதாவிட்டால் இலை மட்டும் வரும், அல்லது மண்ணை ஒட்டிக் குட்டையாக ஒரு மொட்டு தோன்றிக் கருகிப்போகும். கனடாவில் இந்தக் குறைக்கு இடமில்லை. சிட்னியிலோ, கலிபோர்னியாவின் தென்பகுதியிலோ இருப்பவர்கள் நடுமுன் குமிழங்களைப் பல வாரங்கள் குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுப்பது இதற்காகத்தான். அப்போது அதே பெட்டியில் ஆப்பிள் இருக்கக் கூடாது. பழுக்கும் பழங்கள் விடும் எத்திலீன் வாயு உள்ளே உறங்கும் பூவைக் கொன்றுவிடும். வெளியே குமிழம் பளபளவென்று இருக்கும். பூ மட்டும் வராது.

குளிருக்குக் குறைவில்லாத ஊரில் நட்டது வரவில்லையென்றால், சிறு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்த இடத்தைத் தோண்டிப் பார்ப்பதே வழி. ஆனால் அவசரம் வேண்டாம். வடக்குப் பார்த்த வாசலிலும், ஆழமாக நட்ட இடத்திலும் முளை இரண்டு மூன்று வாரம் பிந்தலாம். தலைகீழாக நட்டதுகூடப் பெரும்பாலும் வளைந்து திரும்பி வந்துவிடும். மே நடுப்பகுதி வரை பொறுத்துவிட்டுத் தோண்டுங்கள்.

தோண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லையா? அல்லது பழுப்புத் தோல் மட்டும் சிதறிக் கிடக்கிறதா? அப்படியானால் அணில். ராமர் தடவிக் கொடுத்த மூன்று கோடுகள் இல்லாத, கறுப்பும் சாம்பலுமான இந்த ஊர் அணில்களுக்கு, புதிதாகக் கிளறிய மண் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். டியூலிப்பும் குரோக்கஸும் அவற்றுக்கு விருந்து. நட்ட முதல் சில நாட்கள்தான் ஆபத்து அதிகம். குமிழத்தின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு ஆழத்தில், டியூலிப் என்றால் 15 முதல் 20 சென்டிமீட்டரில் நட்டு, மேலே கோழிக்கூட்டுக்குப் போடும் கம்பி வலையை விரித்து மண்ணால் மூடிவிடலாம். எலும்புத்தூள் உரத்தைக் குழியில் போடுவது மோப்பம் பிடிக்கும் பிராணிகளை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம்.

அணிலைத் திட்டுமுன் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். 1944-45 பனிக்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் இருந்த மேற்கு நெதர்லாந்தில் உணவு அறவே அற்றுப்போனபோது, விற்க வழியின்றிக் குவிந்து கிடந்த டியூலிப் குமிழங்களைத்தான் மக்கள் வேகவைத்தும் அரைத்தும் தின்றார்கள். நடுக்குருத்தை நீக்கிவிட்டே சமைக்க வேண்டும் என்பது அப்போதைய செய்முறை. ஏறத்தாழ இருபதாயிரம் பேர் மாண்ட பஞ்சம் அது. நாட்டின் விடுதலையில் பெரும் பங்கு கனடியப் படைகளுக்கு. போர்க்காலத்தில் ஒட்டாவாவில் அடைக்கலம் புகுந்திருந்த இளவரசி ஜூலியானா, 1943இல் அங்கேயே ஒரு மகளைப் பெற்றெடுத்தவர், 1945 இலையுதிர் காலத்தில் அந்த நகருக்கு நன்றியாக ஒரு லட்சம் டியூலிப் குமிழங்களை அனுப்பினார். இன்றும் மே மாதத்தில் ஒட்டாவாவில் நடக்கும் டியூலிப் விழாவின் வேர் அந்தப் பரிசில்தான் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் குமிழத்தைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். டாஃபடிலை அணில் தொடாததற்குக் காரணம் அதிலுள்ள லைகோரின் என்ற நஞ்சு. அதன் குமிழம் அசல் வெங்காயம் போலவே இருக்கும்; இலை வெங்காயத்தாளை ஒத்திருக்கும். கடைகளில் இவற்றைக் காய்கறிகளுக்கு அருகில் வைக்காதீர்கள் என்று 2015இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை கேட்டுக்கொண்டது. வீட்டில் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் டாஃபடில் பையை வைக்கும் வழக்கம் இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

தோண்டும்போது கையில் கொழகொழவென்று வந்து புளித்த நாற்றம் அடித்தால், அது அழுகல். டொராண்டோவில் பல வீடுகளின் அடிமண் களிமண். தண்ணீர் இறங்காமல் நிற்கும் இடத்தில் மலைச்சரிவில் பிறந்த செடி மூச்சுமுட்டிச் சாகும். பனிக்காலத்து ஈரம் ஒரு காரணம். அதைவிட நாம் கவனிக்காதது கோடை. உறங்கும் குமிழத்துக்கு வறண்ட மண் வேண்டும். நாமோ அதே பாத்தியில் ஜூலை மாதம் தக்காளியும் மிளகாயும் வைத்து, மாலை தவறாமல் குழாயைத் திறந்து விடுகிறோம். காய்கறிப் பாத்தியும் குமிழப் பாத்தியும் வேறு வேறாக இருக்கட்டும். களிமண்ணாக இருந்தால் மக்கிய உரம் கலந்து பாத்தியைச் சற்று உயர்த்திக் கட்டுங்கள்.

குமிழம் கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் வேர் இல்லை என்றால், பிந்தி நட்டிருப்பீர்கள். இலையுதிர் காலத்தில் மண் உறைவதற்கு முன் சில வாரங்கள் அது வேர்விட வேண்டும். நவம்பர் கடைசியில் பாதி விலைக்குக் கிடைத்தது என்று வாங்கி, கடினமாகிவிட்ட மண்ணில் திணித்தால் அதற்கு அந்த அவகாசம் இல்லை. அடுக்குமாடியில் பால்கனித் தொட்டியில் நடுபவர்களுக்கு வேறு சங்கடம். தரையில் மண்ணும் பனிப்போர்வையும் குளிரை மட்டுப்படுத்தும். தொட்டியிலோ நாலு பக்கமும் குளிர் ஏறி வேரோடு உறைந்து, இளகி, மறுபடி உறையும். தொட்டியைச் சூடேற்றாத கராஜுக்குள் வைத்து, மண் முற்றிலும் காயாமல் பார்த்துக்கொண்டால் பிழைக்கும்.

கடைசியாக ஒன்று. பெரிய குமிழம் இருந்த இடத்தில் பூண்டுப் பல் அளவில் நாலைந்து குட்டிகள் கிடக்கும். மேலே ஒற்றை இலை மட்டும் விட்டிருக்கும். இது சாவு அல்ல, பசி. டியூலிப்பின் தாய்க் குமிழம் ஒரு முறை பூத்ததும் தீர்ந்துபோகிறது. அதன் இடத்தைச் சேய்க் குமிழங்கள் எடுத்துக்கொள்கின்றன. அவை பூக்குமளவு பருக்க வேண்டுமானால் பூ உதிர்ந்த பிறகு இலை ஐந்தாறு வாரம் வெயிலில் உழைக்க வேண்டும். நாமோ பூ போனதும் பார்க்க நன்றாயில்லை என்று இலையை அறுத்து எறிகிறோம், அல்லது சடைபின்னி முடிந்து வைக்கிறோம். அடுத்த ஆண்டுப் பூவின் சாப்பாட்டைப் பிடுங்குவது அதுதான். வாடிய பூவின் தலையைக் கிள்ளிவிடலாம், விதைக்குச் சத்து வீணாகாது. இலையைத் தானாக மஞ்சளாகும் வரை தொடாதீர்கள். ஒன்றும் சொல்ல வேண்டும்: பலவண்ணக் கலப்பின டியூலிப்புகள் எவ்வளவு பேணினாலும் ஆண்டுக்கு ஆண்டு குறையும். பொதுப்பூங்காக்கள் பலவற்றில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் புதிதாக வாங்கித்தான் நடுகிறார்கள். நிலைத்து வர வேண்டுமென்றால் டாஃபடிலும் காட்டு டியூலிப் வகைகளும் மேல்.

ஆகவே இந்த மே மாதத்தில் செய்ய வேண்டியது சிறிய வேலைதான். வராத இடங்களைத் தோண்டிப் பார்த்து, வெறுங்குழியா, அழுகலா, வேரில்லாததா, குட்டிகளா என்று ஒரு தாளில் குறித்து, அந்தந்த இடத்தில் ஒரு குச்சியை ஊன்றி வையுங்கள். அக்டோபரில் புதுப் பையோடு நீங்கள் மறுபடி குந்தும்போது மேலே ஒரு தடயமும் இருக்காது. அந்தக் குச்சிகள்தான் சொல்லும். வந்த பதினைந்தின் இலைகளை மட்டும் ஜூன் கடைசி வரை யாரும் அறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.