குடும்ப மருத்துவருக்கு எந்த அறையில் நாற்காலி?

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் 2020-21இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்த முதல் அணிக்கு அது ஐந்தரை ஆண்டுப் படிப்பு. வாழப்பாடி பக்கத்து ஊர்த் தெருக்களில் 'டாக்டருக்குப் படிக்குது' என்பதோடு பேச்சு நின்றுவிடும். அடுத்து என்ன படிக்கலாம், படித்தபின் எந்த ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும் என்று சொல்ல, குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு வீட்டில் ஆள் இருப்பதில்லை. அப்பா டாக்டர், மாமா டாக்டர் என்று வளர்ந்த பிள்ளைக்கு இதெல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே தெரிந்துவிடுகிறது.

அவர்கள் கவனிக்க வேண்டிய மேற்படிப்புகளில் ஒன்று குடும்ப மருத்துவம். நீட் முதுநிலைத் தேர்வு எழுதி டி.என்.பி. மூன்றாண்டு படிக்கலாம். 2020இல் தேசியத் தேர்வு வாரியம் இரண்டாண்டு பட்டயப் படிப்பையும் கொண்டுவந்தது. எம்.டி. இடங்கள் உண்டு, ஆனால் குறைவு. பொது மருத்துவம், குழந்தைகள், மகப்பேறு, அறுவை என்று பிரிவு பிரிவாகச் சுற்றிப் பயிற்சி பெறுவார்கள். காய்ச்சல், சர்க்கரை, பிரசவம், பாம்புக்கடி எல்லாம் ஒரே வாசலுக்கு வரும் தாலுகா ஆஸ்பத்திரிக்கு இவரைவிடப் பொருத்தமானவர் யார்?

சிக்கல் அங்கேதான். படிப்புக்குப் பெயர் இருக்கிறது, நாற்காலிக்குப் பெயர் இல்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் உதவி மருத்துவர் (பொது) பணிக்குக் கேட்பது எம்.பி.பி.எஸ். மட்டுமே. மூன்றாண்டு கூடுதலாகப் படித்தவரும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். குடும்ப மருத்துவ முதுநிலைப் படிப்பை ஊக்குவிக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டமே சொல்கிறது. படிக்க ஊக்குவித்துவிட்டு, படித்தவரை எங்கே உட்காரவைப்பது என்று யோசிக்காதது என்ன நியாயம்? தாலுகா மருத்துவமனைகளில் இந்தப் பெயரிலேயே பணியிடம் வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

ஆனாலும் அரசு வரிசையை விட்டுவிடக் கூடாது. அங்கே பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம் இருக்கிறது. அதற்குள் 3 சதவீதம் அருந்ததியருக்கு, 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி. இப்படி உள் ஒதுக்கீடு செய்யலாம் என்று 2024 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சேலம், நாமக்கல் பக்கத்துக்கு இது பெரிய விஷயம். தேர்வில் தமிழ்த் தகுதித் தாளும் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அதற்குப் பயப்படத் தேவையில்லை.

தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கீடு கிடையாது. அங்கே வேலை பெரும்பாலும் தெரிந்தவர் மூலம் போகிறது. 'எந்த ஊர்?' என்பதற்கு அடுத்து 'ஊரில் எந்தப் பக்கம்?' என்று வரும் கேள்வியின் பொருள் நமக்குத் தெரியும். பயிற்சியில் கற்பித்த மூத்த மருத்துவர்களின் பரிந்துரைக் கடிதத்தை அப்போதே வாங்கி வைத்துக்கொள்வது இந்த இடத்தில் கைகொடுக்கும். முதுநிலைத் தகுதியைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிய வேண்டும். 'டியூட்டி டாக்டர்' என்று இரவுப் பணியில் மட்டும் போட்டு, எம்.பி.பி.எஸ். சம்பளம் பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவசர சிகிச்சை, உள்நோயாளி வார்டு, சர்க்கரை நோய்ப் பிரிவு என்று எது உங்கள் பொறுப்பு, மாதம் எத்தனை இரவு என்பதெல்லாம் நியமன ஆணையில் எழுத்தில் இருக்கட்டும். மூலச் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள், நகல் போதும்.

கற்பிக்கும் ஆசை உள்ளவர் டி.என்.பி. இடம் எடுக்கும்போதே படுக்கை எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். மருத்துவக் கல்லூரி அல்லாத, 500 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையில் படித்தால், ஆசிரியர் பணிக்கு எம்.டி.க்கு இணையாக, மருத்துவக் கல்லூரி ஒன்றில் மேலும் ஓராண்டு சீனியர் ரெசிடென்டாக இருக்க வேண்டியிருக்கும்.

குடும்ப மருத்துவர்களை வைத்தே ஆஸ்பத்திரி நடத்த முடியுமா என்று கேட்பவர்கள் வேலூர் சி.எம்.சி.யைப் பார்க்கலாம். நகரின் ஏழைக் குடும்பங்களுக்காக 1980களில் அது தொடங்கிய குறைந்த செலவுச் சிகிச்சைப் பிரிவு, உள்நோயாளி வார்டோடு, குடும்ப மருத்துவர்கள் பொறுப்பில் நடக்கிறது. இன்னும் கிட்டத்தில், வாழப்பாடிக்கு வடக்கே மலைகளைத் தாண்டினால் தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங். 1990களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் ரெஜி, லலிதா தம்பதி ஒரு குடிசையில் தொடங்கிய பழங்குடியினர் மருத்துவமனை இன்று அறுவை அரங்கோடு இயங்குகிறது. எல்லா நோயையும் பார்க்கத் தெரிந்த மருத்துவருக்கு இத்தகைய இடங்களில் எப்போதும் வேலை இருக்கும். வேலை தேடுவோர் விளம்பரத்துக்குக் காத்திருக்காமல், நேரிலேயே போய்க் கேட்கலாம்.