விரைவுத் தாதியர் பட்டம்: புகுவார் அறியவேண்டியன

நம் கல்லூரியிற் கற்று வெளியேறியோருட் பலர் இன்று கடல் கடந்த நாடுகளிற் குடும்பத்தோடு வாழ்கின்றனர். கலை, வணிகம், விஞ்ஞானம் முதலிய துறைகளிற் பட்டம் பெற்றவராயினும், சென்ற நாட்டில் அப்பட்டத்துக்கேற்ற உத்தியோகம் வாய்க்கப்பெறாது, நடு வயதில் வேறொரு தொழிலை நாடுவோரும் அவருள் உளர். அன்னோர்க்கு ஐக்கிய அமெரிக்காவிலே திறந்து நிற்கும் வாயில்களுள் ஒன்று விரைவுத் தாதியர் பட்டம். அஃது எத்தகையது, புகுமுன் ஆயத்தஞ் செய்யவேண்டியவை யாவை, புகுந்தபின் தளராது நிற்றல் எங்ஙனம் என்பவற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவோம்.

அந்நாட்டில் தாதியர் துறையில் விஞ்ஞானமாணிப் பட்டம் பெறுதற்குப் பொதுவாக நான்கு ஆண்டுகள் செல்லும். முதலிரண்டு ஆண்டுகளிற் பொதுப் பாடங்களும் அடிப்படை விஞ்ஞானமும், பின்னிரண்டு ஆண்டுகளில் தாதியர் கல்வியும் பெரும்பாலும் இடம்பெறும். வேறு துறையிற் பட்டம் பெற்றவர் பொதுப் பாடங்களை முன்னரே கற்றவராகக் கொள்ளப்படுவர். எஞ்சிய தாதியர் கல்வியை நீண்ட விடுமுறைகளின்றி 11 தொடக்கம் 18 மாதங்களுக்குட் கற்பித்து முடிப்பதே விரைவுப் பட்டமாகும். மிசூரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் இத்தகைய கல்வியை 1971 ஆம் ஆண்டிலே தொடக்கியது. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. குறைக்கப்பட்டது காலமேயன்றிப் பாடமன்று. ஆகவே, காலம் ஏனைய மாணவர்க்கு மெல்ல மெல்ல ஈவனவற்றை, விரைவு மாணவர் புகும்போதே கையோடு கொண்டுவரல் வேண்டும்.

கொண்டுவர வேண்டியவற்றுள் முதலாவது அடிப்படை விஞ்ஞான அறிவு. உடலமைப்பியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், இரசாயனம், புள்ளிவிபரவியல், மனித வளர்ச்சி உளவியல், போசாக்கியல் ஆகிய பாடங்களைப் பெரும்பாலான கல்லூரிகள் முன்னரே கற்றுவருமாறு கேட்கின்றன. விஞ்ஞானப் பட்டதாரியும் தமக்கு இவ்விதி பொருந்தாதென்று இருந்துவிடலாகாது. பல கல்லூரிகள் இப்பாடங்களை இறுதி ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்குட் கற்றிருத்தல் வேண்டும் என வரையறுத்துள்ளன. இலங்கையிற் பெற்ற பட்டமாயின், அதன் பாடங்களும் புள்ளிகளும் அமெரிக்க முறைக்கு இணையாக மதிப்பிடப்படல் வேண்டும். அதற்கு வேண்டிய பத்திரங்கள் நாம் கற்ற பல்கலைக்கழகத்திலிருந்து வந்துசேர மாதங்கள் பல செல்லலாம். ஆதலால் விண்ணப்ப முடிவுத் திகதிக்கு ஓராண்டு முன்னரே இம்முயற்சியைத் தொடங்குதல் நன்று.

கல்லூரியைத் தெரிதலிற் கட்டணத்தை மாத்திரம் நோக்குதல் போதாது. அம்மாநிலத்துத் தாதியர் சபையின் அங்கீகாரம் உண்டா என்பதை முதலில் அறிதல் வேண்டும். அஃதில்லாத கல்லூரியிற் பெற்ற பட்டம் உத்தரவுப் பத்திரப் பரீட்சைக்கு வழிவிடாது. பின்னர், அப்பரீட்சையிற் சித்தியடைந்தோர் நூற்றுக்கு எத்தனைபேர் என வினவுதல் வேண்டும். அதனோடு, சேர்ந்தோருள் எத்தனைபேர் கல்வியை முடித்தனர் என்றும் வினவுதல் வேண்டும். தளர்ந்தவரை இடையில் நீக்கிவிட்டு எஞ்சியோரை மாத்திரம் பரீட்சைக்கு அனுப்புமிடத்துச் சித்தி வீதம் உயர்ந்தே தோன்றும்.

இரண்டாவது பொருள். முதற் பட்டம் பெறுவார்க்கு மத்திய அரசாங்கம் வழங்கும் பெல் உதவிப்பணம், முன்னரே பட்டம் பெற்றவர்க்குக் கிடையாது. கடன் பெறலாமாயினும் அதற்கும் எல்லையுண்டு. கல்விக் காலத்தில் உத்தியோகம் பார்த்தலாகாது எனக் கல்லூரிகள் பல எச்சரிக்கின்றன. வைத்தியசாலைப் பயிற்சி காலை ஏழு மணியளவில் தொடங்கிப் பன்னிரண்டு மணித்தியாலம் நீளும் நாட்களும் உள. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவார் யார், உலை வைப்பார் யார், வீட்டு வாடகை எங்கிருந்து வரும் என்பவற்றை மனைவியோடும் பெற்றாரோடும் முன்னரே அமர்ந்து பேசி முடிவு செய்தல் வேண்டும்.

மூன்றாவது, கற்கும் முறையை மாற்றிக்கொள்ளும் மனம். மனனஞ் செய்து பரீட்சை எழுதிப் பழகிய நம்மவர்க்கு இதுவே கடினமானது. கணக்கு எளிதே: 1000 மில்லிலீற்றர் உப்புநீரை எட்டு மணித்தியாலத்தில் நாளத்தினுட் செலுத்துக என வைத்தியர் பணித்தால், மணித்தியாலத்துக்கு 125 மில்லிலீற்றர், மில்லிலீற்றருக்குப் 15 துளி விழும் குழாயெனின், நிமிடத்துக்கு 31 துளி. ஆயினும் பாடசாலையில் ஒரு தசமத் தானம் பிழைத்தால் ஒரு புள்ளி போகும். நோயாளரிடத்தே அதே பிழை மருந்தைப் பத்து மடங்காக்கிவிடும். அதனாலேயே மருந்துக் கணக்குப் பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூறும் அதற்கு மேலும் கேட்கின்றனர்.

கணக்கினும் அரியது தீர்மானம். நால்வர் நோயாளர் உளர். ஒருவர் சத்திரசிகிச்சை முடிந்து இரண்டாம் நாள், நோவென்று முறையிடுகிறார். ஒருவருக்கு உணவுக்கு முன் இன்சுலின் ஏற்றவேண்டும். ஒருவர் வீடு செல்லக் காத்திருக்கிறார். நான்காமவர் ஈளை நோயாளர். சற்றுமுன் கேட்ட இழுப்பொலி இப்போது கேட்கவில்லை, உறக்கம் வந்தவர்போற் கிடக்கிறார். முதலில் யாரிடம் செல்வது? முறையிடுவோரிடம் அன்று. இழுப்பொலி அடங்கியது காற்று உட்செல்லாமையால் ஆகலாம்; அந்த அமைதியே பேரபாயம். நான்கு நோய்களின் இலக்கணத்தையும் ஒப்புவிக்க வல்லவர் இவ்வினாவில் தவறக்கூடும். எனவே ஒவ்வொரு நாளும் கற்றதை, 'இஃது ஏன் நிகழ்கிறது? முதலிற் செய்யவேண்டியது யாது?' என்று தம்மைத் தாமே வினவிப் படித்தலும், மூவர் நால்வர் கூடிப் படித்தலும், புள்ளி குறைந்த வாரத்திலேயே ஆசிரியரை அணுகுதலும் உய்யும் வழிகளாம்.

தாதித் தொழில் பெண்களுக்கே உரியதென்று தயங்கும் ஆடவர்க்கும் ஒரு சொல். அமெரிக்கத் தரைப்படைத் தாதியர் பிரிவில் ஆடவர்க்கு அதிகாரிப் பதவி 1955 ஆம் ஆண்டிலேயே முதன்முதல் வழங்கப்பட்டது. மிசிசிப்பி மாநிலத்துப் பெண்கள் பல்கலைக்கழகமொன்றின் தாதியர் கலாசாலையில் ஆணென்ற காரணத்தால் இடம் மறுக்கப்பட்ட ஜோ ஹோகன் என்பார் வழக்காடினார். அம்மறுப்பு அரசியலமைப்புக்கு முரணானதென உயர் நீதிமன்றம் 1982 இல் தீர்ப்பளித்தது. வழி பிறரால் திறக்கப்பட்டுள்ளது. நாணி நிற்க நியாயமில்லை.

கல்வி முடிந்தபின் என்சிலெக்ஸ் எனப்படும் உத்தரவுப் பத்திரப் பரீட்சை உண்டு. 1994 தொடக்கம் இது கணினியிலே நடைபெறுகின்றது. சரியாக விடையளிப்பின் அடுத்த வினா கடினமாகும், தவறின் எளிதாகும். 2023 ஏப்பிரிலில் அமைந்த புதிய முறைப்படி வினாக்கள் 85 இற்குக் குறையா, 150 இற்கு மிகா. நேரம் ஐந்து மணித்தியாலம். ஒரு நோயாளரின் நிலையை முதலிலிருந்து இறுதிவரை தொடர்ந்து ஆராயும் வினாக்களும் அதில் இடம்பெறுகின்றன.

இறுதியாக ஒன்று. பொருளோ வீட்டுத் துணையோ போதாதவர் இவ்விரைவு வழியை விடுத்து, சமுதாயக் கல்லூரிகளில் ஈராண்டுத் தாதியர் கல்வி பெறுதல் இழுக்கன்று. பட்டம் வேறாயினும், எழுதும் பரீட்சை அதுவே. பெறும் உத்தரவுப் பத்திரமும் அதுவே. பதினைந்து மாதத்திற் கற்றீரா, நான்காண்டிற் கற்றீரா என்று நோயாளர் வினவுவதில்லை. தம் மூச்சு அடங்கும் வேளையில் அதனை அறிந்து ஓடிவருவார் ஒருவர் அருகில் உளரா என்பதே அவர்க்கு வேண்டுவது. அத்தகையவராதற்கு எவ்வளவு காலம் நமக்கு வேண்டும் என்பதை நேர்மையோடு எண்ணிப் பார்த்த பின்னரே விண்ணப்பப் பத்திரத்திற் கையொப்பமிடல் வேண்டும்.